பாறை மீனுக்கு ஒரு ஜெபம்

பக்கத்து இலையைப் பார்க்காமல் நான் இதுவரை ஒரு பந்தியில்கூடச் சாப்பிட்டதில்லை. என் இலையில் மூன்று துண்டு கறி விழுந்தால் போதாது. அடுத்த இலையில் இரண்டுதான் விழுந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்கு ருசிக்கும். அங்கே நான்கு விழுந்துவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்புக் குறைவு என்பேன். பரீட்சை எழுதும்போது முன்பெஞ்சுக்காரி கூடுதல் தாள் வாங்கினால், எழுத ஒன்றுமில்லாவிட்டாலும் நானும் கை தூக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வேன். டாக்டர் எனக்குப் பிரஷர் பார்த்துவிட்டு எண்ணைச் சொன்னால், "வெளியே உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு எவ்வளவு?" என்று வாய்வரைக்கும் வந்துவிடும். (ஒரு தடவை கேட்டும் விட்டேன்.)

இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் தொழிலாளி. மில் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு. காலையில் ஒரே சங்குக்கு எல்லார் அப்பாவும் ஒரே மாதிரி சைக்கிளில் கிளம்புவார்கள். ஒப்பிட ஒன்றுமே இல்லாத இடத்தில், சிரமப்பட்டு வித்தியாசம் கண்டுபிடித்து ஒப்பிட்டுப் பழகியதால் எனக்கு அதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது போலிருக்கிறது.

அந்தத் தேர்ச்சியோடு பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தேன். கணவர் ஜெயசிங்குக்கு மின்வாரியத்தில் கிளார்க் வேலை. பொய் சொல்லத் தெரியாதவர். நான் கணக்கு டீச்சர். வீட்டில் மாமியார் (நான் கூப்பிடுவது அத்தை), கணவரின் தங்கை பிரின்சி, மாடியில் கணவரின் அண்ணனும் (எனக்கு அத்தான்) அவர் மனைவி ஜெசிந்தா அக்காவும். ஜெசிந்தா அக்காதான் என் ஓரகத்தி. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

ஜெசிந்தா அக்காவுக்கு ஊர் உவரி. அப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அத்தானும் அக்காவும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது, எங்கள் அத்தை ஒரு வருஷம் அவர்களோடு பேசவில்லையாம். நாங்கள் புராட்டஸ்டண்ட் சபை, அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள். இரண்டாம் வருஷம் அத்தைக்குக் கால் ஒடிந்தது. மூன்று மாதம் அக்காதான் தூக்கி வைத்துக் குளிப்பாட்டினார்கள். அதற்குப் பிறகு, மாடியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால்தான் அத்தை பிரஷர் மாத்திரையே போடுவார் என்ற நிலைமை. நான் வந்து சேர்ந்தது இந்தக் கட்டத்தில்.

அக்கா வேலை செய்வதைப் பார்த்தால் எனக்கு வாய் பிளந்துவிடும். இருபது பேருக்கு உலை வைக்கும்போதும் அளவுப்படி கையில் எடுத்ததில்லை. நிறைந்த காஸ் சிலிண்டரை இடுப்பில் சாய்த்து, பிள்ளையைத் தூக்குகிறமாதிரி மாடிக்குத் தூக்கிப் போவார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மீன்காரரின் கூடையை இந்தப் பக்கமிருந்தே பார்த்துவிட்டு, "நேத்துள்ள மீன்" என்று சொல்லி நடந்துகொண்டே இருப்பார்கள். மீன்காரர் மறுத்து நான் கேட்டதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மனதுக்குள் மார்க் போட்டேன். காபி: அக்கா எட்டு, நான் ஏழு. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது: அக்கா ஒன்பது, நான் நான்கு. ஆங்கிலத்தில் காஸ் கம்பெனிக்கு போன் செய்வது: நான் பத்து, அக்கா பூஜ்யம். (நான் வந்த பிறகு அந்த ஒரு பாடத்தில்தான் ஆறு வருஷமும் முதலிடம்.) வீட்டில் யாரும் எங்களை ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதை இந்த இடத்தில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அத்தைகூட "அவளப் பாத்துப் படி" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வேலை முழுவதையும் நான் ஒற்றை ஆளாகவே பார்த்தேன்.

இந்த நிலையில் பிரின்சிக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தது. சீவலப்பேரிக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சபையில் மூப்பர். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்பதால், சனிக்கிழமை மதியம் வந்து பேசி முடித்துச் சாப்பிட்டுப் போவதாக வியாழக்கிழமை தகவல் வந்தது. அன்று காலையில்தான் ஜெசிந்தா அக்கா உவரிக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி சூசையின் புது வள்ளத்துக்கு மந்திரிப்பு, சாமியார் வந்து படகை ஜெபித்துக் கடலில் இறக்குவார். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளில் மூத்தவர்கள் அவர்கள்தான், வேலை தலைக்கு மேல். அத்தையிடம் போனில் வருத்தப்பட்டு, வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தானும் ஆபீஸ் வேலையாக வெளியூரில்.

அத்தை கோழி வாங்கிக்கொள்ளலாம் என்றார். நல்ல யோசனை. அதை ஏற்றுக்கொண்டிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதும் அவசியம் இருந்திருக்காது. ஆனால் அதற்கு முந்தின வருஷம் அத்தானின் மேலதிகாரி சாப்பிட வந்தபோது, அக்கா உவரியிலிருந்து பத்துக் கிலோவில் முழு மீன் ஒன்றை வரவழைத்து, பின்வாசலில் உட்கார்ந்து அறுத்துச் சமைத்ததும், அந்த மனிதர் கை காய்ந்த பிறகும் எழுந்திருக்காமல் சாப்பிட்டது என் கண்முன் வந்தது.

"மீன் நான் பாத்துக்கிடுதேன் அத்தை," என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் அதுவரை சுத்தம் செய்திருந்த மீன்களில் மிகப் பெரியது என் நடுவிரல் நீளம். எங்கள் ஊருக்குச் சாளை சைக்கிளில் வரும், அம்மா உரசிக் கழுவி மொத்தமாகச் சட்டியில் போட்டுவிடுவார். அதைவிடப் பெரிய மீனோடு எனக்குள்ள பழக்கம், பாபநாசம் படித்துறையில் நின்று பொரி தூவியதோடு சரி. அவை கோயில் மீன்கள், யாரும் பிடிப்பதில்லை, அதனால் அறுக்கிற பிரச்சனையும் இல்லை.

சூசைக்கு நானே போன் போட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி உவரியிலிருந்து கிளம்பும் மீன் வண்டி, விடிகாலையில் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு வரும். அதில் ஒரு மீன் போட்டுவிட முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு பெரிது வேண்டும் என்று கேட்டான். "போன தடவ அக்காவுக்கு எவ்வளவு அனுப்புனீங்க?" என்றேன். பத்துக் கிலோ என்றான்.

"அதவிடப் பெருசா," என்றேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மீன் வண்டியிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து ஒரு சாக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்து, பின்வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். சாக்கை அவிழ்த்தேன். ஐஸ் கட்டிகள் சரிந்து விழுந்தன. உள்ளே ஒரு பாறை மீன்.

இருபத்தாறு கிலோ. நிமிர்த்தி நிறுத்தினால் என் நெஞ்சுக்கு வரும். வெள்ளியை உருக்கி ஊற்றினமாதிரி உடம்பு, முதுகுப் பக்கம் மட்டும் மழை இருட்டின் நிறம். பெரிய நெற்றி. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எதற்கும் அசையாத பையனுக்கு இருக்கும்படியான கீழ்த்தாடை. கண் மட்டும் ஒரு பம்பரம் அளவு, கறுப்பாக, ஈரமாக, எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை ஆழத்தில், எவ்வளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இது போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தொட்டுப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. ஐந்து நிமிஷம் நான் கத்தியை எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

பிறகு காய் நறுக்குகிற கத்தியை எடுத்தேன்.

முதல் வெட்டில் கத்தி வழுக்கித் துணி துவைக்கிற கல்லில் பட்டது. இரண்டாவது வெட்டில் வளைந்தது. அரிவாள்மனையைக் கொண்டுவந்து மீனை அதன் மேல் ஏற்றப் பார்த்தேன். மீன் அரிவாள்மனையின் மேல் ஏறியது, அரிவாள்மனை மீனின் அடியில் காணாமல் போனது. வாலைப் பிடித்து இழுத்தேன். பாறை மீனுக்கு வாலுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் ரம்பப் பல் மாதிரி கெட்டிச் செதில் வரிசை உண்டு என்பது உள்ளங்கை கிழிந்த பிறகு தெரிந்தது. ஜெயசிங் டிஞ்சர் போட்டுக் கட்டிவிட்டுத் தாழ்ந்த குரலில், மார்க்கெட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் அறுத்துக் கொடுப்பார்களே என்றார்.

"அக்கா மார்க்கெட்டுக்கா கொண்டு போனாங்க?" என்று கேட்டேன்.

அவர் போய் இரும்பு அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்த ரம்பத்தால் ஒரு மணி நேரம் போராடியதில், மீனின் கழுத்தில் ஒரு ஓரமாக நான்கு விரல் ஆழத்துக்குக் காயம் பட்டது. அவ்வளவுதான். இதற்கிடையில் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா அக்கா. நான்கு தடவை. நான் எடுக்கவில்லை. முடிந்ததா என்று வேவு பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. (எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் எதுவும் இதுவரை உண்மையாக இருந்ததில்லை.)

பத்தரை மணிக்குச் சுவரில் ஆறு பூனைகள். என் தலைமுடியில் செதில். விருந்தாளிகள் வர இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். நான் தோற்றேன். ஆட்டோவைக் கூப்பிடுங்கள், மார்க்கெட்டுக்கே போகலாம் என்றேன்.

ஆட்டோ வாசலில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் பின்வாசலிலிருந்து தெருவுக்குப் போகச் சந்து கிடையாது. சமையலறை வழியாக, நடுவீட்டு ஹால் வழியாகத்தான் போக வேண்டும். சாக்கு ஐஸில் ஊறிக் கிழிந்திருந்தது. அதனால் பீரோவிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையை உருவி, மீனை அதில் கிடத்தி, மேலே மூடி, தலைப்பக்கம் ஜெயசிங்கும் கால்பக்கம், அதாவது வால்பக்கம், நானுமாகப் பிடித்துத் தூக்கினோம். போர்வையின் கழுத்துப் பகுதியில் ரத்தம் கசிந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாலின் நடுவுக்கு வந்தோம்.

வாசலில் ஆறு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியராக இருந்தவர் எதற்கும் ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக வருவார் என்பதை நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக அவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் பழத்தட்டோடு உறைந்து நின்றான். பெரியவர் மெதுவாக உள்ளே வந்து, போர்வையைப் பார்த்து, ரத்தத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"யாருக்கும்மா? என்ன ஆச்சு?"

ஜெயசிங் வாயைத் திறந்தார். அவர் திறந்தால் உண்மைதான் வரும். என்னால் ஒரு மீனை அறுக்க முடியவில்லை, அக்காவால் முடிவது என்னால் முடியவில்லை என்பது, வரப்போகிற சம்பந்திக்கு எங்கள் வீட்டைப் பற்றித் தெரியப்போகும் முதல் செய்தியாகிவிடும். அந்த ஒரு நொடியில் என் மூளை ஆறு வருஷ மார்க்கையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது.

"ஒண்ணுமில்ல மாமா. ஆஸ்பத்திரிக்குத்தான்," என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. ஆனால் வார்த்தை போய்விட்டது. ஜெயசிங் என்னைப் பார்த்த பார்வையை, எங்கள் கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பெரியவர் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். "பையப் பையத் தூக்குங்க. ஒரு நிமிசம் நில்லுங்க, ஜெபம் பண்ணிட்டுப் போவோம்," என்று சொல்லி, போர்வையின் தலைப்பக்கம் வந்து மூடிய நெற்றியின் மேல் கை வைத்தார். போர்வைக்குள் இருந்தது ராத்திரி முழுக்க ஐஸில் கிடந்த உடம்பு. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, மிகத் தாழ்ந்த குரலில், "சில்லுன்னு இருக்கு," என்றார். அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர் கண்ணை மூடி ஜெபித்தார். சுகத்துக்காகத் தொடங்கிய ஜெபம், பாதி வழியிலேயே ஆறுதலுக்காகத் திரும்பிவிட்டது. இந்தக் குடும்பத்தாரின் கண்ணீரைத் துடையும் என்றார். இந்த வீட்டுக்கு இவர் செய்த நன்மைகளை நினைத்தருளும் என்றார். வாசலில் ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். நானும் வால் கனத்தில் கை இற்றுப்போக, தலை குனிந்து நின்றேன். நேர்மையாகச் சொல்கிறேன், அவ்வளவு உருக்கமான ஜெபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யாரென்றே தெரியாத ஓர் ஆளுக்காக ஒரு மனிதர் அவ்வளவு மனசாரக் கேட்கிறார். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அவர் முடித்தபோது எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் ஆமென் சொன்னேன்.

அந்தச் சத்தத்தில் என் பிடி நழுவியது.

போர்வை ஒரு பக்கம் விலக, இருபத்தாறு கிலோவும் மொசைக் தரையில் விழுந்தது. ஐஸ் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு, டீப்பாய்க்குக் கீழே புகுந்து வெளியே வந்து, பெரியவரின் காலடியில் போய் நின்றது. அழுகைச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ஓடிவந்த அத்தையும், பாதிப் பூ வைத்த தலையோடு பிரின்சியும் கதவருகே நின்றார்கள்.

பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது பாறை மீனுல்லா," என்றார்.

பிரின்சியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிருந்தது எனக்குத் தெரியும். ஒரு வாரமாகப் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகம், இப்போது சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மீன் விழுந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது உறைத்தது.

"பொய் சொன்னது நான்தான் மாமா," என்றேன். "இவங்க யாரும் இல்ல. எங்க அக்கா இவ்வளவு பெரிய மீனத் தனியா அறுத்துருவாங்க. எனக்கு வரல. அத உங்க முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பெரியவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. முப்பது வருஷம் காப்பியடித்த பிள்ளைகளை நிற்கவைத்து விசாரித்த முகம் அது. என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தபோது, அவர் மனைவியிடமிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தோம். சிரிப்பு. கன்னத்தில் கண்ணீர் காயாமலே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். "நன்மைகள நினைச்சருளும்னீங்களே," என்று கணவரைக் காட்டி ஒரு தடவை சொல்லிவிட்டு, மேலே பேச முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் பெரியவருக்கும் உதடு துடித்தது.

"ஜெபம் ஜெபந்தான். வீணாப் போவாது," என்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஜெசிந்தா அக்கா வந்து நின்றார்கள். தோளில் பை, கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான ஒரு பொருள். ராத்திரி வண்டியில் மீன் ஏற்றும்போது சூசை சொல்லியிருக்கிறான், டீச்சர் இருபத்தாறு கிலோ வாங்கியிருக்கிறார்கள் என்று. யார் அறுக்கப் போகிறார்கள் என்று அக்கா என்னிடம் கேட்க நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் எடுக்காததால், மந்திரிப்பு வேலையை உவரியில் தன் தங்கை பொறுப்பில் விட்டுவிட்டு, திசையன்விளை வந்து பஸ் மாறி வந்துவிட்டார்கள்.

ஹாலில் கிடந்த மீனையும், ரத்தப் போர்வையையும், தரையில் உட்கார்ந்து சிரிக்கும் சம்பந்தியம்மாவையும், என் தலையில் இருந்த செதிலையும் ஒருமுறை பார்த்தார்கள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பின்வாசலுக்குக் கொண்டாங்க," என்றார்கள். வாலை மாப்பிள்ளைப் பையன் வந்து பிடித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை, பின்வாசல் படியில் வரிசையாக நின்று நாங்கள் பதினொரு பேரும் பார்த்தோம். ஆட்டோக்காரரையும் சேர்த்து.

அக்கா செய்தித்தாளைப் பிரித்து வெட்டுக்கத்தியை எடுத்து, துவைக்கிற கல்லின் ஓரத்தில் நான்கு இழுப்பு இழுத்தார்கள். பிறகு மீனின் மேல் உள்ளங்கையை வைத்துத் தலையிலிருந்து வால்வரை ஒருதரம் தடவினார்கள். கத்தியை வைத்து உரசியதும் செதில்கள் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சரசரவென்று எழுந்து பறந்தன. செவுளுக்குள் இரண்டு விரல் போனது, ஒரு திருகு, செவுள் முழுசாக வெளியே வந்தது. வயிற்றில் கத்தி முனை கோடு கிழித்ததே எனக்குத் தெரியவில்லை. குடலெல்லாம் ஒரே கொத்தாகப் பாத்திரத்தில் இறங்கியது, பித்தப்பை ஒரு கீறல் இல்லாமல் தனியாகப் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டது. நான் ஒரு மணி நேரம் ரம்பம் போட்ட இடத்துக்கு வந்தபோது கட்டைவிரலால் கொஞ்சம் தள்ளி அழுத்தித் தேடினார்கள். எலும்பின் கணு அங்கே இருந்திருக்கிறது. கத்தியை அதில் வைத்து, கத்தி முதுகில் அம்மிக் குழவியால் ஒரே தட்டு. தலை தனியாக வந்துவிட்டது.

அவசரம் என்பதே அந்தக் கையில் இல்லை. ஒவ்வொரு தடவையும் கத்தி, தான் போகவேண்டிய இடம் ஏற்கெனவே அங்கே இருப்பதுபோல் போனது. முதுகெலும்பை ஒட்டி மேலிருந்து கீழ்வரை அவர்கள் பிளந்தபோது, உள்ளே சதை ரோஜா நிறத்தில் வரி வரியாக, ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம் மாதிரி இருந்தது. பெரியவர் வேட்டியை மடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டுகள் ஒரே கனத்தில் அடுக்கடுக்காக விழுந்துகொண்டிருந்தன. நான் மார்க் போட மறந்துவிட்டேன். அது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அக்கா ஒரு வேலை செய்வதை நான் வெறுமனே பார்த்தது அந்த இருபது நிமிஷம்தான்.

ஒன்றரை மணிக்கு இலை போட்டோம். பேச்சு சாப்பாட்டுக்கு நடுவிலேயே முடிந்துவிட்டது. தலைக்கறி யாருக்கு என்பதில்தான் இரண்டு வீட்டாருக்கும் கொஞ்சம் இழுபறி.

எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கோபமா என்று கேட்டேன். உங்களை மிஞ்ச வேண்டும் என்றுதான் இதெல்லாம் செய்தேன் என்றேன்.

அக்கா சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினார்கள்.

"என்னய மிஞ்சவா? எதுல?"

உண்மையாகவே தெரியாமல் கேட்டார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். காபியில். நட்சத்திரம் கட்டுவதில். சிலிண்டர் தூக்குவதில். அத்தை மாத்திரை போடுவதில். வாயால் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் ஏதாவது ஒரு கணக்கு இருக்கும், நீ ஆங்கிலத்தில் போன் பேசும்போது எனக்கும் பொறாமைதான் என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. ஆறு வருஷம் நான் வியர்க்க வியர்க்க ஓடிய பந்தயத்தில், பக்கத்தில் ஓடுகிறார்கள் என்று நான் நினைத்தவர் தன் பாட்டுக்குக் கடைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏட்டி, இவ்வளவையும் மனசுல வச்சிக்கிட்டு நீ எப்பம் ஒறங்குவ?" என்று கேட்டார்கள். பிறகு மறுபடி சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். அந்த மீனைப் பார்த்து நின்றமாதிரியே அவர்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படியும் ஒரு தலை, உள்ளே தராசே இல்லாமல், எங்கள் வீட்டு மாடியிலேயே இத்தனை நாள் குடியிருந்திருக்கிறது.

நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது அன்றைக்குச் சொன்னதைவிடப் பெரிய பொய். போன வருஷம் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்கு எத்தனை பேர் பார்க்க வந்தார்கள் என்று அந்த வலியிலும் எண்ணினேன். (பதினேழு. எனக்கு ஒன்பது.) ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போக என்னை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். ஜெயசிங், அத்தை, ஜெசிந்தா அக்கா, கைக்குழந்தையோடு பிரின்சி, எல்லாரும் முகம் வெளிறிச் சுற்றி நின்றார்கள். ஜெபம் பண்ண சம்பந்தி மாமா சீவலப்பேரியிலிருந்து வந்திருந்தார். ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகவே.

என் தலைமாட்டில் வந்து நின்றார். நெற்றியில் கை வைக்கப் போனவர், ஏதோ யோசித்து, நடந்து கால்மாட்டுக்குப் போனார். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி, குனிந்து உள்ளே பார்த்தார்.

"கால்தான்," என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டுத் திரும்பி வந்து, கண்ணை மூடி, ஜெபத்தை ஆரம்பித்தார்.